வெள்ளிக்கிழமை குடிக்காத தேத்தண்ணி

முனாப் காக்கா வேலைக்குப் போகும்போது கைக்கடிகாரம் கட்டமாட்டார். கைபேசியையும் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். படகு றேடாரின் பெட்டியைத் திறந்தால் உள்ளே மக்னெட்ரோன் இருக்கும். அதை இருபுறமும் கவ்விப் பிடித்திருக்கும் காந்தம் கிட்ட வரும் இரும்பு எதையும் விடாது. கத்தாரில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்த காலத்தில் அவருடைய இரண்டு கடிகாரங்களை அது நிறுத்திவிட்டது. அதன் பிறகு ஒரு பித்தளை ஸ்குரூ டிரைவரும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும்தான் அவரோடு படகுக்குப் போகும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. தேத்தண்ணி நேரம் காட்டும்.

புதிதாகப் போட்ட மக்னெட்ரோன் சூடேறி ஒரு நிலைக்கு வர அரை மணித்தியாலம் பிடிக்கும். முனாப் காக்கா கருவியை ஓடவிட்டுப் படகின் தளத்தில் குந்துவார். பிளாஸ்க் மூடியில் ஊற்றி, ஆறவிட்டு, ஊதி, மிடறு மிடறாகக் குடிப்பார். மூன்று மூடி. மூன்றாவது முடிந்ததும் எழும்பிப் போய்க் கடைசி வேலையைச் செய்வார். அது வரைக்கும் படகு முதலாளியே வந்து நின்று கத்தினாலும் எழும்பமாட்டார்.

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதின் கடற்கரை வீதியில் மீனவர் சங்கக் கட்டடம் இருக்கிறது. அதன் ஒரு அறையில் கடலில் நிற்கும் படகுகளோடு கதைக்கிற வயர்லஸ் செட். அந்த அறைக்கு நான் பொறுப்பு. அடுத்த அறை, நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் முனாப்பின் கடை. நடுவில் பலகைச் சுவர். அவர் படகு முதலாளிமாருக்குச் சொல்லும் விளக்கங்களை எல்லாம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டுப் பழகியவன்.

எல்லாருக்கும் ஒரே விளக்கத்தைத்தான் சொல்வார். செம்புக் கட்டி ஒன்று. அதன் நடுவில் ஒரு குழி. குழியைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் குழியைப் பார்த்து ஒரு வாசல். குழிக்குள் ஒரு தண்டு சூடாகி நிற்கும். சூட்டில் தண்டிலிருந்து மின்துகள்கள் கிளம்பும். பல ஆயிரம் வோல்ட் அவற்றைச் செம்பை நோக்கி இழுக்கும். ஆனால் காந்தம் நேரே போக விடாது, வளைத்துவிடும். வளைந்து வளைந்து அவை தண்டைச் சுற்றி ஓடும். ஓடும்போது ஒவ்வொரு அறை வாசலையும் உரசிக்கொண்டு போகும்.

"வெறும் சோடாப் போத்தல் வாயில ஊதிப் பாத்திருக்கியளா? ஊங் எண்டு ஒரு சத்தம் வரும் தானே? அதான் இது. காதுக்குக் கேக்காத ஊங். அத வெட்டி வெட்டி வெளிய எறியிற. கப்பல்ல பட்டா திரும்பி வரும். வாறது பழமொளகாக் கொட்டையளவும் இல்ல. ஆனா அது போதும்."

கேட்கிற முதலாளிமார் தலையாட்டிவிட்டு, எப்போது முடியும் என்று கேட்பார்கள்.

ஊரில் அவருக்குப் பயந்தவர் என்று பெயர். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை கடலுக்குப் போனார். நாலு நாளும் வாந்தி. வலைக்காரர்கள் அவரை மீன் பெட்டி மூடியில் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஐம்பத்திரண்டு. கடையைப் பூட்டி நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மழைக்காலத்தில் மனைவி மைமூனா ராத்தா வெளியே துணி காயப்போட்டால் அதற்கும் யோசிப்பார். கடலுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கருவி பழுதானால் கல்முனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் அவரிடம்தான் வருவார்கள். பயந்த ஆள் பார்த்த கருவி என்றால் அவர்களுக்குத் தைரியம்.

சென்ற சித்திரையில் மைமூனா ராத்தாவின் தம்பி றிஸ்கானின் படகில் றேடார் மங்கிப்போனது. றிஸ்கான் தண்டயல், அந்தப் படகையும் அதில் போகும் மற்ற நாலு பேரையும் நடத்துகிறவன். முப்பத்தாறு வயது. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். கொழும்பிலிருந்து மக்னெட்ரோன் வந்து சேர வியாழக்கிழமை பின்னேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் றிஸ்கான் கடலுக்குப் போக வேண்டும். எங்கள் கரையில் ஜும்மாவை விட்டுவிட்டு யாரும் வலை ஏற்றமாட்டார்கள். தொழுதுவிட்டு, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு ஒரே மூச்சில் போவதுதான் வழக்கம்.

எங்கள் பக்கம் பெரிய படகுகள் கரைக்கு வருவதில்லை. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சின்ன வள்ளத்தில் போய்த்தான் ஏற வேண்டும். அன்று காலை முனாப் காக்காவோடு நானும் போனேன். றிஸ்கானின் வயர்லஸ் செட்டில் ஒரு வயர் கழன்றிருந்தது.

முனாப் காக்கா பாயில் உட்காருவதுபோல் கால் மடித்து உட்கார்ந்து வேலை செய்தார். பழைய மக்னெட்ரோனைக் கழற்றித் துணியில் சுற்றி ஒதுக்கினார். புதியதை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே இறக்கினார். மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன். நாலு ஸ்குரூவை முடுக்க அவருக்குக் கால் மணித்தியாலம் ஆனது. ஒரு இணைப்பில் துரு. அதைச் சுரண்டித் துடைக்க இன்னும் நேரம் போனது.

கருவியைப் போட்டார். மூன்று நிமிடம் திரையில் எண்கள் இறங்கின. பிறகு படம் வந்தது. கரை ஒரு மஞ்சள் கோடாக வந்தது. பள்ளிவாசல் மினாராக்கள், தூரத்தில் நிற்கும் படகுகள் எல்லாம் வந்தன.

"மாஷா அல்லாஹ்!" என்றான் றிஸ்கான். "மச்சான், இதுல எங்கட உம்மா மாங்கா அரியிறதும் தெரியும் போல."

"பொறு. இன்னும் டியூன் இரிக்கி."

டியூன் என்பது, மக்னெட்ரோன் போடும் சத்தத்துக்குக் கேட்கிற பகுதியின் காதைப் பொருத்துவது. புதிய றேடார்களில் அது தன்பாட்டில் நடக்கும். றிஸ்கானின் றேடார் யாரோ ஒரு ஜப்பான்காரன் பாவித்துக் கழித்தது. தானாகப் பொருத்தும் பகுதி செத்து இரண்டு வருடம். கையால் எண்ணை ஏற்றி இறக்கித்தான் வைக்க வேண்டும். முனாப் காக்கா எண்ணை ஏற்றி இறக்கிப் படம் மிகத் தெளிவாக இருந்த இடத்தில் நிறுத்தினார். ஐம்பத்திரண்டு. பிறகு பிளாஸ்க்கைத் தேடினார்.

அப்போது வள்ளக்காரன் கீழேயிருந்து கூப்பிட்டான்.

"முனாப் காக்கா! பாங்கு சொல்லப் போறாங்க. இது கடைசி நட. வாறண்டா வாங்க, இல்லாட்டி மீனுக்கு இமாமா நிண்டு தொழுகை நடத்துங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். முனாப் காக்காவும் சிரித்தார். பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்தார்.

"மச்சான், போகலாமா இதோட?" என்று கேட்டான் றிஸ்கான். அவன் வழக்கமாக அப்படிக் கேட்கிறவன் இல்லை. புதிய சாமான் என்பதால் கேட்டான்.

"ஓம், போ. முந்தி மாதிரி பெற்றிச் சார்ஜ் குறையும் எண்டு நிப்பாட்டி நிப்பாட்டிப் போடாத. ஓட விடு."

எல்லாரும் ஜும்மாவுக்கு இறங்கினோம். ஜும்மா முடிந்து மூன்று மணிக்கு றிஸ்கானின் படகு கிழக்கே போனதை நான் சங்கத்து ஜன்னலால் பார்த்துப் புத்தகத்தில் குறித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். முனாப் காக்கா வேறொரு படகில் வேலைக்குப் போயிருந்தார். வள்ளம் ஒன்று கரையில் வந்து முட்டியது. அவர் முழங்கால் தண்ணீரில் குதித்து, சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கையில் பிளாஸ்க்கின் மூடி மட்டும் இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, நேத்து றிஸ்கான்ட போட்டுல நான் தேத்தண்ணி குடிச்சனா?"

நான் யோசித்தேன். "இல்ல காக்கா. பைக்குள்ள வச்சிங்க."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். மூடியை மேசையில் வைத்தார்.

பிறகு சொன்னார். மக்னெட்ரோன் குளிராக இருக்கும்போது ஒரு சத்தம். ஓட ஓடச் சூடேறும். செம்பு விரியும். அறைகள் ஒரு முடியளவு பெரிதாகும். சத்தம் இறங்கிவிடும். கேட்கிற காது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால்தான் அரை மணித்தியாலம் பொறுத்து, சூட்டோடு ஒருதரம் திரும்ப டியூன் பண்ணுவது. நேற்று அவர் குளிரில் வைத்த எண்ணோடு றிஸ்கானை அனுப்பிவிட்டார்.

"படம் வராதா?" என்று கேட்டேன்.

"கிட்டத்துல உள்ளது வரும். அதான் தம்பி மோசம். ஒரு மைலுக்குள்ள அலை தெரியும், அவன்ட வலைக் கொடி தெரியும். கருவி வேல செய்யிது எண்டு நினைப்பான். தூரத்துல பாக்கப் போட்டா வேற மாதிரி வேல செய்யும் அது, காதும் ஒடுங்கிரும். கப்பல் வந்தாலும் ஸ்க்ரீன் துடைச்ச மாதிரி இரிக்கும். பழுதாப் போன றேடார் எண்டா அவன் வெளிய பாப்பான். இது நல்ல றேடார் எண்டு நான் சொல்லி அனுப்பிட்டன்."

பகலில், வெளிச்சமாக இருந்தால், கண்ணே போதும். இரவிலும் வானம் தெளிந்திருந்தால் கப்பலின் விளக்குகள் தெரியும். சித்திரையில்தான் பின்னேரங்களில் இடிமழை. மழைக்குள் கண் உதவாது. கல்கத்தாப் பக்கம் போய்வரும் பெரிய கப்பல்களின் பாதை எங்கள் கடலுக்கு வெளியேதான் இருக்கிறது. அந்தக் கப்பல்களுக்குச் சின்னப் படகு ஒன்றை இடித்ததுகூடத் தெரியாமல் போகும்.

நான் செட்டைப் போட்டு மைக்கைக் கொடுத்தேன். எங்கள் பக்கப் படகுகள் எல்லாம் ஒரே அலைவரிசையில்தான் கதைக்கும். ஒருவர் சொன்னால் முப்பது படகு கேட்கும். அந்த முப்பதில் இருபது பேராவது அவருடைய வாடிக்கைக்காரர்கள்.

அவர் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"றிஸ்கான், றிஸ்கான். முனாப் கதைக்கிறன். கேக்குதா?"

இரைச்சல் மட்டும் வந்தது.

"றிஸ்கான், ஒரு சொல்லுக் கதைக்கணும். வா."

வேறொரு குரல் வந்தது. பர்ஸான். அவனும் ஒரு படகுத் தண்டயல். அந்த அலைவரிசையின் வாயாடி.

"காக்கா, பர்ஸான் இஞ்ச. என்ன விசயம்?"

முனாப் காக்கா என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார்.

"சும்மா. ஊட்டு விசயம்."

"ஊட்டு விசயமோ, மீன் விசயமோ? றிஸ்கானுக்கு மீன் பட்டிருக்கி போல. இனி அவன் வாய் திறக்கான். போன பயணம் அவன் நிக்கிற இடத்தச் சொல்லி மூணு போட்டு அங்க ஓடிப் போன. நானும்தான் போன!"

எங்கிருந்தோ இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது.

அது உண்மைதான். மீன் விழும் இடத்தைக் கண்ட தண்டயல் செட்டில் கதைக்கமாட்டான். கதைத்தால் எங்கே நிற்கிறாய் என்று கேட்பார்கள். பொய் சொன்னால் பிறகு ஊரில் முகம் பார்க்க வேண்டும். அதனால் ஊமையாக இருந்துவிடுவான்.

முனாப் காக்கா மைக்கைக் கீழே வைத்தார். உண்மையான விசயத்தைச் சொல்லுங்கள் என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாகப் பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்த ஆள். பர்ஸானின் வாயில் இது விழுந்தால் பொத்துவில் வரைக்கும் போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மீன் பட்டா பகல்ல முழிச்சிக்கிட்டுத்தான் இரிப்பான்," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

ஒவ்வொரு மணித்தியாலமும் கூப்பிட்டார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கூப்பிட்டார். மைமூனா ராத்தா சோற்றுப் பார்சலோடு வந்தபோது மைக் அவர் கையில்தான் இருந்தது.

"இஞ்சயா இரிக்கிங்க? கட பூட்டிக் கிடக்கு. என்ட தம்பி கதச்சானா?"

"ஓம் ஓம். விடியக் காலத்தால கதச்ச. நல்லா இரிக்கான்."

ராத்தா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் எதையோ எழுதினேன்.

"கதச்சா அவன்ட பொஞ்சாதிக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்களன். அவ காலத்தால இரிந்து கேக்கிறா."

"சொல்றன் புள்ள. நீ போ."

சோற்றுப் பார்சல் அவிழ்க்கப்படாமல் கிடந்தது. இரண்டு மணிக்கு அதன்மேல் எறும்பு ஏறியது.

நாலு மணிக்குப் படகுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்லும் நேரம். இருபத்தாறு படகு சொல்லியது. றிஸ்கான் சொல்லவில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செட்டில் மின்னல் ஒவ்வொன்றும் ஒரு கீறலாகக் கேட்டது.

"பர்ஸான், றிஸ்கானக் கண்டயா?"

"விடிய கண்ட நான் காக்கா. கிழக்க போறான், கப்பல் பாதப் பக்கம். அவடத்த போற எண்டா ஒண்டு கிறுக்கு, இல்லாட்டி நல்ல றேடார். நீங்கதானே போட்டுக் குடுத்த?"

முனாப் காக்கா மைக்கின் பொத்தானை அமத்தியபடி நின்றார். அவருடைய மூச்சு முப்பது படகுக்கும் கேட்டிருக்கும். பிறகு விட்டுவிட்டார்.

"மழ விட்டா கதைப்பான்," என்றார்.

அன்று அவர் கடைப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் போனார்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு நான் சங்கத்துக்கு வந்தபோது அவர் படியில் இருந்தார். சுபஹுத் தொழுகைக்குப் போன வெள்ளைத் தொப்பி தலையில் இருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கரையில் தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல்; எங்கே கோடு என்று தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால் போய்ச் செட்டைப் போட்டார். படகுகள் காலையில் பெயர் சொல்லும் ஆறு மணி வரைக்கும் காத்திருக்கவில்லை.

"இது முனாப். சாய்ந்தமருது றேடார் முனாப். கடல்ல உள்ள எல்லாரும் கேளுங்க." நிறுத்தி, திரும்பத் தொடங்கினார். "வெள்ளிக்கிழம றிஸ்கான்ட போட்டுக்கு நான் மக்னெட்ரோன் போட்ட. அந்த வேல பிழ. சூடேற விடாம டியூன் வச்சிட்டு, ஜும்மா எண்டு இறங்கி வந்துட்டன். அவன்ட றேடார்ல தூரத்துக் கப்பல் தெரியாது. ஸ்க்ரீன் வெறுமனே இரிந்தா கடல் வெறும் எண்டு நினைக்கப்படாது. என்ட பிழ இது. ஆராவது அவனுக்குக் கிட்ட இரிந்தா சொல்லுங்க. அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

பொத்தானை விட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. இரைச்சல் மட்டும் நீண்டுகொண்டு போனது. பிறகு, மிகக் கிட்ட இருப்பதுபோல், ஒரு குரல்.

"மச்சான்."

முனாப் காக்கா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தார்.

"றிஸ்கான்! நேத்து முழுக்கக் கூப்பிட்ட நானே!"

"கேட்டுக்கிட்டுத்தான் இரிந்த நான். ஊட்டு விசயம் எண்டா ஊட்ட வந்து பேசுவம் எண்டு இரிந்துட்டன். நிக்கிற இடத்தக் கேக்கப்போற எண்டு நினைச்ச. இத நேத்தே சொல்லிருந்தா நேத்தே வாய் திறந்திருப்பன் மச்சான்."

முனாப் காக்கா கண்ணை மூடினார். ஒரு நொடிதான்.

"ஏசுறத வந்து ஏசு. இப்ப றேடார் ஓடுதா?"

"வெள்ளிக்கிழம போட்ட, இன்னும் நிப்பாட்டல்ல. நீதானே சொன்ன. நான் பன்ரெண்டு மைல்ல போட்டுப் பாத்த, ஒரு புள்ளியும் இல்ல. நல்ல கடல் எண்டு வல விட்ட. பாதி வல இன்னும் தண்ணியில."

"வெளிய எப்பிடி?"

"மழ. போட்டுட முன்பக்க அணியம் கூடத் தெரியுதில்ல."

"பன்ரெண்டு மைல்லயே வை. மெனுவுக்குப் போ. டியூன் எண்டு ஒண்டு இரிக்கும். நம்பர் ஐம்பத்திரெண்டு நிக்கும்."

"ஓம், நிக்குது."

"ஒவ்வொண்டா இறக்கு. ஒவ்வொண்டுக்கும் ஒரு சுத்துச் சுத்தவிட்டுப் பாரு. என்ன காணிற எண்டு எனக்குச் சொல்லு."

"ஐம்பத்தொண்டு. ஒண்டுமில்ல. ஐம்பது. ஒண்டுமில்ல. நாப்பத்தொம்பது..."

கடலில் ஒருவரும் குறுக்கே கதைக்கவில்லை. முனாப் காக்கா ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டினார், அவன் பார்ப்பதுபோல்.

"நாப்பத்தேழு. என்னமோ தூசு மாதிரி. நாப்பத்தாறு. மச்சான், மழ வருது ஸ்க்ரீன்ல! சுத்திவர மழ. இது நேத்து இல்ல."

"இன்னும் இறக்கு."

"நாப்பத்தஞ்சு. நாப்பத்துநாலு. நல்ல வெளிச்சம். நாப்பத்துமூணு, குறையிது."

"நாப்பத்துநாலுல வை. இப்ப மழையக் குறைக்கிற பட்டன் இரிக்கி. அதக் கொஞ்சம் கூட்டு. மழ கரையும். கரையாம எது நிக்குது?"

இந்தத் தடவை பதில் வரச் சுணங்கியது. பின்னணியில் அவன் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"ஒரு கட்டி நிக்குது. வலப்பக்கம் முன்னுக்கு. அஞ்சு மைல். இல்ல, அஞ்சுக்கும் உள்ள."

"ஸ்க்ரீன்ல உள்ள கோட்டத் திருப்பி அதுக்கு மேல வை. வச்சயா? கோட்டுல இரிந்து விலகுதா, கோட்டோட வருதா?"

எனக்கு அது விளங்கியது. விலகினால் கப்பல் முன்னாலோ பின்னாலோ போய்விடும். கோட்டை விடாமல் கிட்ட வந்தால் அது படகுக்குத்தான் வருகிறது. சுவரின் மணிக்கூட்டில் ஆறு ஐந்து. அதன்பின் ஆறு ஏழு.

"மச்சான், கோட்டோடதான் வருது."

"வலய வெட்டு."

"பாதி வல..."

"வெட்டுடா!" நான் அந்தக் குரலை அவரிடம் கேட்டதில்லை. "எஞ்சின எடு. வலப்பக்கம் திருப்பி அதுக்குப் பின்னால போற மாதிரிப் போ. முன்னால வெட்டப்படாது. செட்ட நிப்பாட்டாத."

பிறகு செட்டில் அவன் குரல் இல்லை. ஒருதரம் பொத்தான் அமர்ந்த சத்தம் வந்தது. எஞ்சின் இரைச்சலும் யாரோ கலிமா சொல்வதும் கேட்டன. பிறகு அதுவும் நின்றது. முனாப் காக்கா நின்றபடியே இருந்தார். வாசலில் யாரோ வந்து நின்றதை நான் கண்டேன். மைமூனா ராத்தா. தலைத்துணியின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. ஆறு பத்து. ஆறு பதினைந்து. கூப்பிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். கூப்பிட்டால் அவன் கை சுக்கானை விட்டு மைக்குக்குப் போகும் என்றுதான் அவர் கூப்பிடவில்லை என்று பிறகு விளங்கியது.

ஆறு இருபத்திரண்டுக்கு வந்தான்.

"போயிட்டுது."

அவ்வளவுதான் முதலில் சொன்னான். கொஞ்சம் மூச்சுவிட்டு மற்றதைச் சொன்னான்.

"மழைக்குள்ளால வந்த மச்சான். சிவத்தச் சுவர் மாதிரி. சத்தம் கேக்கல்ல, முதல்ல அலைதான் வந்து தூக்கின. நாங்க நிண்ட இடத்தாலதான் போன. வல போயிட்டுது. ஆளுகள் அஞ்சு பேரும் இரிக்கம்."

மைமூனா ராத்தா வாசற்படியிலேயே குந்திவிட்டார். முனாப் காக்கா திரும்பி அவரைப் பார்த்தார். பார்க்க முடியாமல் செட்டின் பக்கமே திரும்பினார்.

"அல்ஹம்துலில்லாஹ். றிஸ்கான், அந்த வலக்கி..."

"வலய விடு. வந்து பேசுவம்." அவன் குரலில் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பர்ஸானின் குரல் வந்தது. வழமையான கிண்டலைக் காணவில்லை.

"முனாப் காக்கா, என்டய எந்த நாள் செஞ்சிங்க?"

அவர் யோசித்தார். "போன மாசம். திங்கக்கிழம. மூணு மூடி குடிச்ச நான். உன்ட சரி." பிறகு சேர்த்துக்கொண்டார்: "எண்டாலும் கரைக்கு வந்தா இன்னொருக்காப் பாப்பம்."

"பாக்கத்தான் வேணும் காக்கா," என்றான் பர்ஸான். மறுபேச்சில்லாமல் சொன்னான். இனிமேல் அப்படித்தான் இருக்கும் என்று முனாப் காக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே தூறல் விட்டிருந்தது. ஏழு மணிக்கு றிஸ்கான் திரும்பக் கூப்பிட்டான். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. இருட்டறையில் ஏதும் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பதுபோல் கேட்டான்.

"மச்சான், இப்ப ஸ்க்ரீன்ல புதுசா ஒண்டுமில்ல. பன்ரெண்டு மைலுக்கும் ஒண்டுமில்ல. இது மெய்யாவே ஒண்டுமில்லையா?"

"மழ தெரியுதா?"

"வடக்கால கொஞ்சம் தெரியுது."

"போன கப்பல்?"

"அந்தா, எட்டு மைல்ல, தெக்க போகுது."

"அப்ப ஒண்டுமில்லதான்." முனாப் காக்கா பொத்தானை விட்டார். கையை எடுக்கவில்லை. திரும்ப அமத்தினார்.

"எண்டாலும் வெளிய போய்க் கண்ணாலயும் ஒருக்காப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. நான் இஞ்சதான் இரிக்கன்."